வன்னி வளவில் ஸ்ரோபெரி: நூறு நாள் பயிராக வளர்க்கும் முழு முறை

"இலை பச்சைப்பசேலெண்டு நிக்குது, கொடியும் ஓடுது, ஒரு பூவைத்தான் காணேல்லை." வன்னியில் ஸ்ரோபெரி வைத்தவர்கள் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் இதுதான். அதற்கு அடுத்தது, "பங்குனி மட்டும் நல்லா நிண்டது, சித்திரையோட கருகிப் போட்டுது." இரண்டுக்கும் கைராசியோ எருவோ காரணமில்லை. மலைநாட்டுப் பயிரை ஆண்டு முழுக்க நிற்கும் பயிராக நினைத்து வைப்பதுதான் பிழை. பாலைப்பழம்போலக் காட்டில் தானாகக் காய்த்து விழுகிற சாதி இல்லை இது. கார்த்திகைக் கடைசியில் வந்து பங்குனியில் போகிற விருந்தாளி. அப்படி நினைத்து ஏற்பாடு செய்தால் கிளிநொச்சியிலும் மல்லாவியிலும் வவுனியாவிலும் முற்றத்தில் பழம் பறிக்கலாம்.

இந்த வழிகாட்டி 12 சாடிகளுக்குக் கணக்குப் போட்டு எழுதப்பட்டது. முதல் தடவை அதற்கு மேல் வைக்க வேண்டாம். மாதப் பெயர்களை ஊர்வழக்கப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: கார்த்திகை என்றால் நவம்பர், மார்கழி என்றால் டிசம்பர், தை என்றால் ஜனவரி.

பூ எங்கே உருவாகிறது?

நாம் கண்ணால் காணும் பூ அன்றைக்கு உருவானதல்ல. இலைகள் புறப்படுகிற அந்தக் கட்டையான குருத்துக்குள் பல வாரங்களுக்கு முன்பே மொட்டு உருவாகிவிடுகிறது. ஸ்ரோபெரியில் பழைய வகைகள் மொட்டு வைக்க இரண்டு விடயங்கள் வேண்டும்: பகல் ஏறத்தாழ 14 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், இரவு குளிராக இருக்க வேண்டும். வன்னி வட அகலாங்கு 9 பாகை அளவில் இருப்பதால் ஆனி மாதத்திலும் பகல் 13 மணித்தியாலத்தைத் தொடாது. ஆகவே பகல் நீளம் இங்கே தடையே இல்லை. தடை வெப்பம், அதிலும் இரவு வெப்பம்.

10 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான குளிரில் மொட்டு நன்றாக உருவாகும். 25 பாகையைத் தாண்டிய சூடு நீடித்தால் செடி பூவை மறந்து இலைக்கும் கொடிக்கும் திரும்பிவிடும். உள்நாட்டுப் பக்கமான வவுனியா, மாங்குளம் பகுதிகளில் தை மாத இரவுகள் 20–22 பாகைக்கு இறங்கும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் அவ்வளவுகூட இறங்காது. நுவரெலியாவோ ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரியே 16 பாகையில் இருக்கிறது. அல்பியன், சான் அன்றியாஸ் போன்ற பகல் நீளத்தைப் பார்க்காத வகைகளுக்கும் இதே கதைதான். பகல் 30 பாகையைத் தாண்டத் தொடங்கினால் அவையும் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

எனவே வழி ஒன்றுதான். மொட்டை மலைநாட்டில் உருவாக விட்டு, பழத்தை வன்னியில் பழுக்க வைப்பது. கீழே சொல்லப்படும் நாள், நிழல், தண்ணீர் எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வருபவை.

குளிர்சாதனப் பெட்டிக்குள் செடியை வைத்தெடுத்தால் பூக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. இருட்டில் உறங்கும் செடிக்குக் குளிர் பிறகு வளரும் வீரியத்தைக் கொடுக்கும், இல்லாத மொட்டைக் கொடுக்காது. மீன் வைக்கிற பெட்டியில் அந்த இடத்தை வீணாக்க வேண்டாம்.

புரட்டாதி–ஐப்பசி: முதலில் தண்ணீர்

செடி வாங்க முன்னம் தண்ணீரைப் பாருங்கள். வீட்டுத்தோட்டப் பயிர்களில் உப்பை மிகக் குறைவாகத் தாங்குபவற்றில் ஒன்று ஸ்ரோபெரி. வேர்ப்பகுதி மண்ணின் மின்கடத்துதிறன் (உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் அளவு) மீற்றருக்கு 1 டெசிசீமனைத் தாண்டிய உடனேயே விளைச்சல் சரியத் தொடங்கும். தக்காளி அதைப்போல இரண்டரை மடங்கு வரை தாங்கும். ஆகவே "இந்தக் கிணத்துத் தண்ணியிலதானே தக்காளி காய்க்குது" என்ற வாதம் இங்கே எடுபடாது.

பேனாபோல இருக்கும் மின்கடத்துதிறன் மானி ஒன்று வாங்கினால் பல வருடம் உதவும். வாசிப்பை மைக்ரோசீமனில் பாருங்கள் (சென்றிமீற்றருக்கு 1,000 மைக்ரோசீமன்தான் மேலே சொன்ன மீற்றருக்கு 1 டெசிசீமன்). 700க்குக் கீழே என்றால் கவலையில்லை. 700க்கும் 1,000க்கும் இடையில் என்றால் ஊற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு சாடியின் அடித்துளையால் வழிந்தோடுமளவுக்கு ஊற்றி, உப்பைக் கழுவிவிட வேண்டும். 1,000க்கு மேல் என்றால் அந்தக் கிணற்றை ஸ்ரோபெரிக்கு மறந்துவிடுங்கள். மானி இல்லையென்றால் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படை கெட்டியாகப் பிடிக்கும் தண்ணீர் என்றால் அதில் சுண்ணாம்பும் இருகாபனேற்றும் கூடுதலாக இருக்கின்றன. அவை மெல்ல மெல்ல மண்ணைக் காரமாக்கும். ஸ்ரோபெரிக்கு வேண்டியது பிஎச் 5.5 முதல் 6.5 வரையான இலேசான புளிப்பு மண். மண் காரமானால் அதில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

மழைநீர்தான் சரியான விடை. வன்னிக்கு மழை கிடைக்கும் காலமும் நாம் செடி வைக்கும் காலமும் ஒன்றாக அமைந்தது அதிர்ஷ்டம். கணக்கு இதுதான்: ஒரு சாடிக்கு நாளுக்கு 400 மில்லிலீற்றர் என்றால் 12 சாடிக்கு 5 லீற்றர் அளவு. நூறு நாளுக்கு 500 லீற்றர். கூரையில் ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 10 சதுர மீற்றர்த் தகரக் கூரையில் 60 மில்லிமீற்றர் மழை விழுந்தால், சிந்தியது தெறித்தது போக 500 லீற்றர்த் தாங்கி நிறைந்துவிடும். கார்த்திகையில் அந்த மழை சில நாளிலேயே கிடைக்கும். பீலியைக் கூட்டித் துப்புரவாக்குங்கள். முதல் மழையைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே ஓடவிடுங்கள், காகத்தின் எச்சமும் தூசும் அதோடு போகும். தாங்கியின் வாயை நுளம்பு புகாத வலையால் இறுக்கிக் கட்டுங்கள். பழத்துக்கு ஆசைப்பட்டு டெங்கை வளர்க்கக் கூடாது. தாங்கி நிழலில் நிற்கட்டும், மாசியில் சூடேறிய தண்ணீரை வேருக்கு ஊற்றுவது வெந்நீர் ஊற்றுவதுபோலத்தான்.

மழைநீர் முடிந்து கிணற்றுத் தண்ணீர்தான் என்றாகிவிட்டால், 10 லீற்றர் வாளிக்கு 2 அல்லது 3 தேசிக்காயின் சாற்றை வடித்துக் கலந்து ஊற்றலாம். காரத்தை அது தற்காலிகமாக அடக்கும். உப்பை அது குறைக்காது, ஆகையால் உவர்த்தண்ணீருக்கு இது வைத்தியமில்லை.

சாடியும் கலவையும்

நிலத்தில் வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் வேண்டாம். வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. மார்கழி மழையில் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். கறையானும் உண்டு. சாடியென்றால் மழைக்கு உள்ளே இழுக்கலாம், வெயிலுக்கு நகர்த்தலாம். நிலத்தில்தான் என்று பிடிவாதமாக இருந்தால் ஓரடி உயர மேட்டுப்பாத்தி போட்டு, செடிக்குச் செடி ஓரடி விடுங்கள்.

சாடி 25 சென்றிமீற்றர் அகலமும் 20 சென்றிமீற்றருக்குக் குறையாத ஆழமும் இருக்கட்டும், ஏறத்தாழ 8 லீற்றர் பிடிக்கும். மண்சாடி முதற்தரம். அதன் மேனியால் ஈரம் கசிந்து ஆவியாகும்போது வேர் குளிரும், மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தானே. கறுப்பு வளர்ப்புப் பைகளை வாங்க வேண்டாம், மாசி வெயிலில் அவற்றின் ஓரத்து வேர் வெந்துவிடும். கையில் இருப்பது அதுதான் என்றால் வெளிப்பக்கத்தைச் சுண்ணாம்பால் வெள்ளையடித்து அல்லது வெள்ளை உரப்பையால் சுற்றிவிடுங்கள். இன்னும் நல்ல ஏற்பாடு, பழைய பேசினில் அல்லது அடியில் துளையிட்ட மரப்பெட்டியில் மணல் நிரப்பி, நாலைந்து மண்சாடிகளைக் கழுத்தளவு புதைத்து, மணலை நனைத்தபடி வைத்திருப்பது. இந்த மணலை நனைக்க உவரில்லாத கிணற்றுத் தண்ணீர் போதும்.

அடியில் நான்கு துளை வேண்டும். ஓடு, கல் அடுக்கினால் தண்ணீர் வடியும் என்பது வெறும் நம்பிக்கை. கல்லுக்கு மேலேயுள்ள மண் நனைந்தபடியே நிற்கும். துளையை மூட ஒரு துண்டு வலை போதும்.

12 சாடிக்கு 100 லீற்றர்க் கலவை வேண்டும். 10 லீற்றர் வாளியால் அளந்தால் கணக்கு இலகு: தும்புத்தூள் 4 வாளி, நன்றாக மக்கிய கூட்டெரு 3, மேல்மண் 2, ஆற்றுமணல் 1. கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பும் சிப்பித்தூளும் நிறைந்தது. தும்புத்தூளிலும் உப்பிருக்கும். ஊறவைத்துப் பிழிந்து தண்ணீரை ஊற்றிவிட்டு, மூன்று தடவை கழுவுங்கள். கடைசிக் கழுவலின் தண்ணீர் 500 மைக்ரோசீமனுக்குக் கீழே வர வேண்டும்.

எருவில்தான் பலர் கை தவறுகிறது. கோழியெரு உப்பும் சூடும் கூடியது, தவிர்த்துவிடுங்கள். ஆட்டெரு, மாட்டெரு என்றால் மண் மணம் வருமளவுக்கு மக்கியிருக்க வேண்டும். அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து தூவுகிற நம் பழக்கம் கத்தரிக்குச் சரி, இங்கே விஷம்போல. சாம்பல் கடுங்காரம். உமிக்கரியும் அந்த வகைதான், போட்டே ஆகவேண்டுமென்றால் மணலுக்குப் பதிலாக அரை வாளிக்கு மேல் போட வேண்டாம். கலவையின் பிஎச் 6.8க்கு மேல் காட்டினால் 100 லீற்றருக்கு 50 கிராம் கந்தகத் தூளைப் பரவலாகக் கலந்து, ஈரமாக ஐந்தாறு வாரம் மூடி வையுங்கள். கந்தகத்தை நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் அமிலமாக்கும். கலவையைப் புரட்டாதியிலேயே தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். மண்ணைச் சோதிக்கும் வழி தெரியாவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

செடி வாங்குவது

விதைப் பொட்டலத்தை நம்ப வேண்டாம். இணையத்தில் நீலம், ஊதா, கறுப்பு என்று படம் போட்டு விற்கும் ஸ்ரோபெரி விதைகள் ஏமாற்று. நீல ஸ்ரோபெரி என்று ஒன்று இல்லை. உண்மையான விதையாக இருந்தாலும் தாய்ச்செடியின் குணம் வராது. முளைக்கவே இரண்டு முதல் நான்கு வாரம், காய்க்க ஆறு மாதத்துக்கு மேல். அதற்குள் நம் குளிர்காலம் போய்விடும். கடைப் பழத்தின் விதையைக் காயவைத்துத் தூவுவதற்கும் இதே பதில்தான்.

வாங்க வேண்டியது நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்து நாற்றுமேடையில் வளர்ந்த செடி. ஊரில் விற்கும் செடியாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது மலைநாட்டிலயிருந்து எப்ப வந்தது?" சென்ற வாரம் வந்தது என்றால் சரி. இங்கேயே கொடியில் பதித்தெடுத்தது என்றால் இலை அழகாக இருக்கும், குருத்துக்குள் மொட்டு இருக்க வாய்ப்புக் குறைவு. வகையைத் தெரிவு செய்ய முடிந்தால் குளிர் குறைவாகக் கேட்கும் வகைகளைக் கேளுங்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் உருவாக்கப்பட்ட சுவீற் சார்லி, ஃபெஸ்டிவல், கலிபோர்னியாவின் கமரோசா, சாண்ட்லர் ஆகியவை சூடான நாடுகளின் குளிர்பருவத்தில் பரவலாகப் பயிராகின்றன.

நல்ல செடியின் குருத்து உங்கள் சுண்டுவிரல் பருமன் இருக்கும். மூன்று நான்கு இலை, நடுவில் மூடிய இளங்குருத்து, வெள்ளை அல்லது இளமஞ்சள் வேர். வேர் கறுத்திருந்தாலோ, இலையடியில் நூலாம்படைபோலத் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். அடியில் ஏற்கெனவே ஒரு மொட்டு எட்டிப் பார்த்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

கொண்டுவருவதும் ஒரு கட்டம். இரவுப் பயணமாக வாருங்கள். வேரை நனைத்துப் பிழிந்த துணியால் சுற்றி, குருத்து மேலே பார்க்க, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் நிறுத்துங்கள். பொலித்தீன் பைக்குள் கட்டி வானின் பின்பக்கம் போட்டால், வீடு வரும்போது கீரைக்கறிதான்.

கார்த்திகைக் கடைசி – மார்கழி நடு: நடுகை

வந்த உடனே வெயிலில் வைக்காமல் விறாந்தையின் ஓரத்தில் அல்லது கிடுகுப் பந்தலின் கீழே ஒரு நாள் ஆறவிட்டு, மாலையில் நடுங்கள். மண்சாடியை முதல் நாளே தண்ணீரில் ஊறவையுங்கள், இல்லையென்றால் காய்ந்த சாடி கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

ஆழம்தான் எல்லாம். குருத்தின் நடுப்பகுதி மண்மட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும். ஆழமாகப் புதைந்தால் குருத்துக்குள் தண்ணீர் தேங்கி அழுகும். உயரமாக நின்றால் மேல்வேர் காய்ந்து செடி ஆடும். நட்டுத் தண்ணீர் ஊற்றியதும் மண் இறங்கும், அப்போது மறுபடி பார்த்துச் சரிசெய்யுங்கள். மழை அடித்துக் குருத்தின்மேல் மண் ஏறியிருந்தாலும் விரலால் ஒதுக்கிவிட வேண்டும். வேரை உருண்டையாகச் சுருட்டித் திணிக்காமல் விசிறிபோல விரித்து வையுங்கள். 15 சென்றிமீற்றரைவிட நீளமானதைக் கத்தரிக்கலாம்.

ஒரு வாரம் முழு நிழல். பழைய இலை ஒன்றிரண்டு வாடி விழும், பயப்பட வேண்டாம். நடுக்குருத்து பச்சையாக அசைந்தால் செடி பிடித்துவிட்டது.

நட்ட பின் வருகிற முதற்பூக்களைக் கிள்ளிவிடச் சொல்வது பொதுவான அறிவுரை. குளிர்நாட்டில், செடி பல மாதம் நிற்கும் இடத்தில் அது சரி. வன்னியில் அப்படிச் செய்தால் மலைநாட்டிலிருந்து காசு கொடுத்து வாங்கிவந்த மொட்டைக் கிள்ளி எறிவதாகும். நட்ட முதல் பத்து நாளுக்குள் பூத்தால் மட்டும் கிள்ளுங்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் பழத்துக்கு. கிள்ள வேண்டியது கொடியை. வல்லாரை ஓடுவதுபோல நீண்டு வரும் ஒவ்வொரு கொடியையும் அடியோடு வெட்டிவிடுங்கள், வாரம் ஒரு தடவை.

கூரையும் நிழலும்

மார்கழியின் எதிரி மழை, மாசியின் எதிரி வெயில். ஒரே சட்டத்தில் இரண்டுக்கும் வழி செய்யலாம். ஏழடி உயரத்தில் நான்கு தடி நாட்டி, தைப்பொங்கல் வரை தெளிந்த பொலித்தீனைச் சரிவாகக் கட்டுங்கள். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும், காற்று நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். கயிறுகளை அவிழ்க்கக் கூடியதாகக் கட்டுங்கள். 2020 மார்கழி தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. புயல் எச்சரிக்கை வந்தால் பொலித்தீனைக் கழற்றிவிட்டுச் சாடிகளை விறாந்தைக்கு ஏற்றுவதே புத்தி.

தை நடுவில் பொலித்தீனை எடுத்துவிட்டு 50 சதவீத நிழல்வலை. காலை ஆறரை முதல் பத்தரை வரை நேர்வெயில், அதன்பின் மாலை மூன்றரை வரை வலையின் நிழல். வீட்டின் கிழக்குப் பக்கம் என்றால் வீடே பாதி வேலையைச் செய்துவிடும். நிழல்வலைக்குப் பதில் கிடுகை இடைவெளி விட்டுக் கட்டலாம். முருங்கைக்குக் கீழே வைக்கும் யோசனை வந்தால், மயிர்க்கொட்டிக் காலத்தை நினைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

அன்றாடம்

விரலை முதல் மூட்டு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமிருந்தால் விடுங்கள். காலையில், அடியில், இலை நனையாமல். மார்கழியில் இரண்டு நாளுக்கொரு தடவை போதும். மாசிக் கடைசியில் காலை ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று என்று பிரித்து ஊற்ற வேண்டிவரும்.

மண்ணை வைக்கோலால் இரண்டங்குலம் மூடுங்கள். காலபோக அறுவடை முடிந்த வயலில் புது வைக்கோல் கிடைக்கும், அதுவரை பழையதே போதும். குருத்தை மட்டும் மூடாதீர்கள். கறையான் வரும் வளவென்றால் சாடிகளைக் கல் அடுக்கி அல்லது வாங்கில் ஏற்றி வையுங்கள்.

உரத்தில் தாராளம் வேண்டாம். நட்டு மூன்று வாரத்துக்குப் பிறகு, நீர்வளர்ப்புக்கு விற்கும் அல்பேட் கரைசல் உரத்தை லீற்றருக்கு 1 கிராம் கரைத்து, சாடிக்கு 250 மில்லிலீற்றர், வாரம் ஒரு தடவை. அவ்வளவுதான். யூரியாவைத் தொடாதீர்கள். தழைச்சத்து ஏறினால் இலை தடிக்கும், பூ குறையும், பழம் நீர்த்துப்போய் அழுகும்.

பூவிலிருந்து பழம்

நாம் பழம் என்று சாப்பிடுவது பூவின் தண்டுநுனி வீங்கியது. மேலே ஒட்டியிருக்கும் ஒவ்வொரு "விதை"யும்தான் உண்மையில் ஒரு காய். அந்த ஒவ்வொன்றும் மகரந்தம் பெற்றால்தான் அதைச் சுற்றியுள்ள சதை பருக்கும். ஒரு பக்கம் பெறாவிட்டால் பழம் கோணலாக, மூக்குச் சப்பையாக வரும். நோய் என்று மருந்து தேடாதீர்கள். தேனீ வராத இடமென்றால் காலை ஒன்பது மணிக்குப் பிறகு மெல்லிய ஓவியத் தூரிகையால் ஒவ்வொரு பூவையும் வட்டமாக மூன்று தடவை தடவிவிடுங்கள், பூ விரிந்திருக்கும் மூன்று நான்கு நாளும். வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நண்பகலில் தடவிப் பயனில்லை, மகரந்தம் வலுவிழந்துவிடும்.

காய் பிடித்ததிலிருந்து பழுக்க மூன்று முதல் நான்கு வாரம். சூடு கூடக்கூட விரைவாகப் பழுக்கும், சிறிதாகவும் இருக்கும். நுவரெலியாப் பழத்தின் பருமனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு செடிக்குப் பத்துப் பதினைந்து பழம் வந்தால் நல்ல பருவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுவதும் சிவந்த பிறகே, காலையில், காம்போடு வெட்டியெடுங்கள். மாம்பழம்போல வைத்துப் பழுக்க விடமுடியாது. பறித்தபின் நிறம் கொஞ்சம் ஏறலாம், இனிப்பு ஏறாது. கழுவாமல் குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும். வெளியில் வைத்தால் அன்று மாலையே குழையும்.

செடி சொல்லும் குறிகள்

பழைய இலையின் ஓரம் மட்டும் கோடுபோலக் கபிலமாகக் கருகினால் உப்பு. சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூச்சு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சாடிக்கு 10 லீற்றர் மழைநீரை மெதுவாக ஊற்றிக் கழுவிவிடுங்கள். இளங்குருத்து இலையின் நுனி கருகிச் சுருண்டால் அது உப்பல்ல, கல்சியம் நுனிக்குப் போய்ச் சேராதது. காய்ந்த காற்றும் ஒழுங்கற்ற நீரும் காரணம். தண்ணீர் நேரத்தைச் சீராக்கினால் அடுத்த இலை நன்றாக வரும். நரம்பு பச்சையாக இருக்க இளம் இலை மஞ்சளித்தால் முன்பு சொன்ன இரும்புக் குறை. பெரசு சல்பேற்று லீற்றருக்கு 2 கிராம் கரைத்து மாலையில் இலைக்குத் தெளிக்கலாம், ஆனால் தண்ணீரை மாற்றாமல் தெளித்துக்கொண்டிருப்பது ஓட்டை வாளியில் நீர் மொள்வதுதான்.

நல்லாயிருந்த செடி ஒரே நாளில் வாடி, ஈரமிருந்தும் எழும்பாவிட்டால் குருத்தை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே செங்கபிலமாக இருந்தால் குருத்தழுகல். வெப்பமும் ஈரமும் சேர்ந்த வன்னியின் மார்கழிக்கு உரிய நோய் இது. மருந்தால் மீளாது. மண்ணோடு அப்புறப்படுத்தி, சாடியைக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள், அந்த மண்ணை மற்றச் சாடிக்குக் கலக்காதீர்கள். இலையில் ஊதா வட்டமும் நடுவில் வெள்ளைப் புள்ளியும் இருந்தால் இலைப்புள்ளி. அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும். தைப் பனி இறங்கும் நாட்களில் பழத்தில் சாம்பல்நிறப் பஞ்சுபோலப் பூஞ்சணம் பிடிக்கும். பழம் ஈரமண்ணில் படாமல் வைக்கோலில் கிடக்கட்டும், பிடித்ததை அன்றே எடுத்து எறியுங்கள்.

மாசியில் இலை மங்கி, அடியில் மெல்லிய வலையும் தூசுபோல ஊரும் புள்ளிகளும் தெரிந்தால் செஞ்சிலந்திப் பேன். வறண்ட காற்றில் ஒரு வாரத்தில் எல்லாச் சாடிக்கும் பரவும். இலையின் அடிப்பக்கத்துக்குக் காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், இலை நனையக் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. குறையாவிட்டால் லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயைச் சில துளி திரவச் சவர்க்காரத்தோடு கலக்கி மாலையில், ஐந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை.

இவை எல்லாவற்றையும் வென்றாலும் மயில், குரங்கு, அணில் என்று ஒரு வரிசை காத்திருக்கும். வன்னியில் சிவப்பாக எதுவும் முற்றத்தில் தனியே நிற்க முடியாது. காய் வெளுக்கத் தொடங்கிய உடனேயே, சிவக்கும் வரை பாராமல், சாடிகளைச் சுற்றிக் கம்பிவலைக் கூடு போட்டுவிடுங்கள். நைலோன் வலையை அணில் அரைமணியில் அறுத்துவிடும். கூட்டுக்குள் தேனீ புகும் அளவுக்குக் கண் பெரிதாக இருக்கட்டும். மழைநாளில் நத்தையை இரவில் வெளிச்சம் பிடித்துக் கையால் பொறுக்குவதைவிட நல்ல மருந்தில்லை.

பங்குனிக்குப் பிறகு

சித்திரை நடுவில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் வரும். அதன்பின் சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று). இந்தக் காலத்தில் பூவுக்காகப் போராடுவது வீண். மூன்று நல்ல செடிகளை மட்டும் தெற்குச் சுவரோரத்து அடர்நிழலுக்கு மாற்றி, மணற்பேசினில் வைத்துக் காப்பாற்றலாம். மற்றவற்றைக் கூட்டெருவில் போட்டுவிடுங்கள்.

காப்பாற்றிய செடி கொடி விடும். அதன் நுனிக் குட்டியைச் சிறு கோப்பை மண்ணில் முடிக் கிளிப்பால் அழுத்தி வைத்தால் நாலைந்து வாரத்தில் வேர்விடும், பிறகு தாயிடமிருந்து வெட்டலாம். இலவசச் செடிதான், ஆனால் வெயிலில் பிறந்த குட்டி. கார்த்திகையில் மலைநாட்டுச் செடிகளுக்குப் பக்கத்தில் இரண்டை வைத்துப் பாருங்கள். எது பூக்கிறது, எது இலையாகவே நிற்கிறது என்று தையில் தெரியும். அடுத்த வருடம் எத்தனை செடி வாங்க வேண்டும் என்பதை அதை வைத்தே முடிவுசெய்யலாம்.